தப்பை ஒத்துக்கொள்ள யாருக்குக் கட்டுப்படியாகும்?

தன்னம்பிக்கை கூடினால் தலைக்கனம் வரும், அடக்கம் கூடினால் ஆள் அமுங்கிப்போவார், அதனால் இரண்டையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக் காலை மீட்டிங்கில் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்கும்போது அந்த 'அளவு' எங்கே இருக்கிறதென்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று கூடினால் மற்றது குறையும் என்ற கணக்கே இதில் சரிப்படாது. 'இந்த வேலை என்னால் ஆகுமா?' என்ற கேள்விக்குத் தன்னம்பிக்கை பதில் சொல்கிறது. 'எனக்குத் தெரிந்தது எதுவரை, எந்த இடத்தில் நான் தப்பாக இருக்கலாம்?' என்பது அடக்கத்தின் கேள்வி. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை: சொதப்பிவிட்டால் என்னை நானே எப்படி நடத்துவேன்? அதைத்தான் இங்கே தன்பரிவு என்கிறேன். 'டேட்டாபேஸை மாற்றித் தர என்னால் முடியும். பழைய பதிவுகளில் என்னென்ன கோளாறு இருக்கிறதென்று இன்னும் பார்க்கவில்லை. பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு மறுநாள் உட்காருவேன்' என்று ஒருவர் சொன்னால், மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எதுவும் எதையும் குறைக்கவில்லை.

பொதுவாக முதலில் தன்னம்பிக்கையை வளர்க்கப் பார்க்கிறோம், பிறகு அது தலைக்கேறாமல் இருக்க அடக்கத்தைச் சேர்க்கிறோம், கடைசியில் நேரம் இருந்தால் தன்பரிவு. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு தப்பு நடந்ததும் உள்ளே ஒரு பெரிய விசாரணையும் தண்டனையும் காத்திருக்கிறது என்றால், அந்தத் தப்பை ஒத்துக்கொள்வது அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகாது. மனசு உடனே காரணம் தேடும், பழியை இடம் மாற்றும், எதிரில் இருப்பவரின் தொனியில் குற்றம் கண்டுபிடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தெரியும். அந்த ஆளிடம் போய் 'கொஞ்சம் அடக்கமா இருங்க' என்றால் தண்டனைப் பயம்தான் இன்னும் ஏறும். தண்டனை குறைந்தால் அடக்கம் பாதி தானாகவே வந்துவிடுகிறது.

தன்பரிவு என்றதும் தன்னையே கொஞ்சிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதற்கென்று 26 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று கூறுகள் இருக்கின்றன: தன்னைக் கடிந்து தீர்ப்புச் சொல்லாமல் கனிவாக நடத்துவது, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று தனித்துப்போகாமல் மனிதர்களுக்கு நடப்பதுதான் நடந்திருக்கிறது என்று பார்ப்பது, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் இருப்பதை இருப்பதாகக் கவனிப்பது. மூன்றாவது கூறு இருப்பதால்தான் இது சப்பைக்கட்டிலிருந்து வேறுபடுகிறது. நடந்ததை நேராகப் பார்க்காமல் பரிவு காட்ட முடியாது.

சோம்பேறி ஆகிவிடுவோமோ என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தன்பரிவோடு அதைப் பார்க்கத் தூண்டப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொள்வதால் வேகம் பிறக்கும் என்பது நம்மில் பலர் சோதிக்காமலே நம்பிக்கொண்டிருக்கும் விஷயம்.

செய்வது எப்படி? வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் தப்பான தொகை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாதிப்பைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் சூட்டில் ஆத்ம பரிசோதனை வேண்டாம். அன்று மாலை 10 நிமிடம் ஒதுக்கி, உள்ளே ஓடிய வசனத்தைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். 'ஒரு நம்பரைக்கூட ஒழுங்கா பார்க்கத் தெரியல. இத்தனை வருஷம் என்னத்தைக் கிழிச்சே? எல்லாருக்கும் இப்போ தெரிஞ்சுபோச்சு.' தாளில் பார்க்கும்போதுதான் அதன் கொடூரம் தெரியும். அடுத்த மேசைக்காரர் இதே தப்பைச் செய்திருந்தால் அவரிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள்.

அதன் கீழே மூன்று பத்தி. முதலாவதில் நடந்தது மட்டும்: 'மூன்றாம் பக்கத்தில் இந்தக் காலாண்டுக்குப் பதில் போன காலாண்டின் தொகை இருந்தது. அனுப்பி 2 மணி நேரம் கழித்து அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.' 'எப்பவும்', 'ஒருபோதும்', 'எல்லாரும்' என்ற சொற்கள் இங்கே நுழைந்தால் அடித்துவிடுங்கள். அவை நடந்ததைச் சொல்வதில்லை. இரண்டாவதில், இது எந்த வகைத் தப்பு, வேறு யாருக்கெல்லாம் நடக்கும்: 'பழைய ஃபைலை காப்பி எடுத்துப் புதிய அறிக்கை தயாரிக்கும் யாருக்கும் நேரக்கூடியது.' மூன்றாவதில் உடம்பும் வேலையும்: 'முகம் இன்னும் சூடாக இருக்கிறது, இது கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும். திருத்திய பக்கம் போய்விட்டது. வரும் வியாழன் அறிக்கையிலிருந்து, அனுப்புமுன் தொகைகளை மட்டும் தனியாக மூலத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.'

இது சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். இரண்டாவது பத்தி 'எல்லாரும்தானே பண்றாங்க' என்று வழுக்கிவிடும். அப்படி ஆகிவிட்டதா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: மூன்றாவது பத்தியில் செய்ய வேண்டிய ஒரு வேலையும் அதற்கொரு நாளும் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எழுதியது சமாதானம். வேலை மட்டும் இருந்து உடம்பைப் பற்றிய வரி இல்லையென்றால், பழைய அதட்டல் புது உடையில் வந்திருக்கிறது. கனிவான சொற்கள் வாயில் ஒட்டவில்லை, நாடகம் போல இருக்கிறது என்பவர்கள் 'நான்' என்பதை விட்டுவிட்டுத் தங்கள் பெயரைச் சொல்லி எழுதிப் பார்க்கலாம். ஈத்தன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன்னைப் பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்களுக்கு மேடைப்பேச்சு போன்ற நெருக்கடிகளில் பதற்றம் குறைந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது நண்பருக்குச் சொல்வது போலவே சொல்ல வருகிறது.

சிலருக்கு இதை ஆரம்பித்ததும் நிம்மதிக்குப் பதில் பழைய காயமெல்லாம் கிளம்பி வரும், அழுகை வரும். பல வருடம் கனிவே காணாத இடத்தில் அது முதலில் வலியாகத்தான் உணரப்படும். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, நடப்பது, பாதங்கள் தரையில் படுவதைக் கவனிப்பது என்று சாதாரணமான ஒன்றுக்குப் போய்விட வேண்டும். மறுநாள் 3 நிமிடம் போதும். மனச்சோர்வு நாளின் பெரும்பகுதியும், ஏறத்தாழ எல்லா நாளும், 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 2 வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே.

இனி தன்னம்பிக்கை. 'நான் சாதிக்கப் பிறந்தவன்' வகைக் கண்ணாடி முன் வசனங்களை விட்டுவிடலாம். ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009-இல் சோதித்தபோது, தன்மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்ட பிறகு, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். வசனம் ஒன்று சொல்கிறது, உள்ளே இருக்கும் சாட்சி எதிராகப் பேசுகிறது. யாருக்கு மருந்து வேண்டுமோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் முன்வைத்தது இதைவிடக் கைக்கு அடக்கமானது: பொத்தாம்பொதுவான தன்னம்பிக்கையை விட்டுவிட்டு, இன்ன வேலையை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைப் பாருங்கள் என்றார். அது நான்கு வழிகளில் வருகிறது. தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது. நம்பகமானவர் 'உன்னால் முடியும்' என்று சொல்வது. உடம்பு காட்டும் அறிகுறிகளை எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது. முதலாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. பாராட்டையே நம்பி இருப்பவர்களின் நம்பிக்கை ஏன் ஒரே விமர்சனத்தில் சரிகிறது என்பதும் இதில் விளங்கும். மூன்றாவது வழியில் வந்தது அது.

ஆக, வேலையைப் படிகளாக வெட்டிக்கொள்வதுதான் வழி. கூட்டத்தில் பேசப் பயமா? முதலில் ஒரு மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்பது, பிறகு 2 நிமிட நிலவர அறிக்கை, பிறகு 10 நிமிடப் பேச்சும் கேள்வி பதிலும். பத்து முறை முயன்றால் ஏழெட்டு முறை தேறும் என்று தோன்றுகிற படியில் நில்லுங்கள். முழுக்கச் சுலபமான வெற்றிகள் மட்டும் கிடைத்தால் முதல் தோல்வியிலேயே ஆள் உடைந்துவிடுவார் என்று பண்டுராவே எச்சரித்திருக்கிறார். இரண்டாவது வழியில் கவனிக்க வேண்டியது, பார்க்கிற ஆள் உங்களைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்க வேண்டும் என்பது. உச்சத்தில் இருப்பவரைப் பார்த்தால் ரசிக்கலாம், 'அவருக்கு முடியும்' என்ற முடிவோடு வீட்டுக்குப் போகலாம். படபடப்பைப் பொறுத்தவரை, 'அமைதி, அமைதி' என்று அடக்குவதைவிட 'உற்சாகமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டவர்கள் பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்ததாக ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார்.

அடக்கத்துக்கு வருவோம். இங்கே குணத்தை மாற்றப் பார்க்காமல் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

1999-இல் டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் செய்த ஆய்வு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தேர்வுகளில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் உண்மையான இடம், கீழிருந்து எண்ணினால், சராசரியாக நூற்றில் 12-ஆவது அளவில், அவர்கள் தங்களை வைத்துக்கொண்ட இடம் சுமார் 62. அதில் எவ்வளவு மனதின் கோளாறு, எவ்வளவு புள்ளியியல் விளையாட்டு என்ற சண்டை பின்னால் வந்தது. அதே ஆய்வில், மேல் கால்பங்கில் இருந்தவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்ற பகுதியை மட்டும் யாரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதில்லை. தன்னைப் பற்றிய கணிப்பு இரண்டு பக்கமும் பிசகும். அதனால் 'அடக்கமாக இரு' என்று பொதுவாகச் சொல்வது, ஏற்கெனவே தன்னைக் குறைத்து வைத்திருப்பவருக்குத் தப்பான மருந்து.

வானிலைக்காரர்களிடம் இதற்கு நல்ல பழக்கம் இருக்கிறது. மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 70 சதவீத நாட்களில் பெய்திருக்க வேண்டும். கணிப்பை மதிப்பெண் போட கிளென் பிரையர் 1950-இல் ஒரு எளிய முறை தந்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0; நீங்கள் சொன்ன வாய்ப்பை அதிலிருந்து கழித்து வர்க்கம் எடுங்கள். 0.8 என்று சொல்லி நடந்தால் 0.04, நடக்காவிட்டால் 0.64. எதைக் கேட்டாலும் 'பாதிக்குப் பாதி' என்று நழுவுகிறவருக்கு எப்போதும் 0.25. குறைவாக வந்தால் நல்லது.

இதை உங்கள் வேலைக்குக் கொண்டுவர ஒரு சிறு நோட்டு போதும். ஒரு வேலை தொடங்கும் முன் ஒரு வரி, பக்கத்தில் எத்தனை சதவீத வாய்ப்பு என்று: 'வெள்ளி மாலைக்குள் முடிப்பேன் – 80.' 'இந்த மாற்றத்தை மேனேஜர் ஒரே சுற்றில் ஒப்புக்கொள்வார் – 60.' 'கோளாறு கேபிளில்தான் இருக்கிறது – 90.' நடந்ததா இல்லையா என்று வேறொருவர் பார்த்தாலும் ஒரே பதில் வரும்படி எழுத வேண்டும். 'நன்றாகப் போகும் – 80' என்றால் பிற்பாடு எதையும் நிரூபித்துவிடலாம். முடிவு தெரிந்ததும் டிக் அல்லது குறுக்குக்கோடு. 30 வரி சேரும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிறகு 60-க்குப் பக்கத்தில் போட்டவை, 80-க்குப் பக்கத்தில், 90-க்கு மேல் என்று பிரித்து எண்ணுங்கள்.

90-க்கு மேல் போட்ட 10-இல் 6 மட்டும் நடந்திருந்தால் அந்த வகை வேலையில் உங்கள் குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டும். 60 போட்ட 10-இல் 9 நடந்திருந்தால் நீங்கள் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது தப்புக் கணக்கு, குரலை ஏற்றுங்கள். ஒரே நோட்டு ஒருவரை இறக்குகிறது, இன்னொருவரை ஏற்றுகிறது. பெரும்பாலும் ஒரே ஆளையே ஒரு விஷயத்தில் இறக்கி வேறொன்றில் ஏற்றும்: கோளாறு கண்டுபிடிப்பதில் சரியாக இருப்பார், நேரக் கணிப்பில் கோட்டைவிடுவார். நேரக் கணிப்பில் எல்லாரும் ஒரே கட்சிதான். 1994-இல் பியூலரும் சகாக்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 33.9 நாள் ஆகும் என்றார்கள்; ஆனது 55.5 நாள். அதனால் நாள் சொல்லுமுன், இதே போன்ற போன மூன்று வேலைகள் நிஜமாக எத்தனை நாள் பிடித்தன என்று எடுத்துப் பாருங்கள். 'இந்தத் தடவை வேற' என்ற எண்ணம் அந்த மூன்று தடவையும் இருந்திருக்கும்.

இந்த நோட்டு தண்டனைப் புத்தகமாக மாறும் ஆபத்து உண்டு. குறுக்குக்கோடு விழும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தால் கை தானாகவே எல்லாவற்றுக்கும் 50 போட ஆரம்பிக்கும், அல்லது நோட்டு அலமாரிக்குள் போய்விடும். அதனால்தான் தன்பரிவு முதலில் என்றேன். 80 போட்ட பத்தில் இரண்டு தவறத்தான் வேண்டும். தவறாவிட்டால் கணிப்பு தப்பு.

பேச்சில் இது எப்படி வரும்? மீட்டிங்கில் மூத்தவர் கேட்கிறார்: 'இந்த மாற்றம் பழைய வாடிக்கையாளர்களைப் பாதிக்குமா?' வழக்கமான 'அடக்கமான' பதில்: 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாதிக்காதுன்னு நினைக்கிறேன் சார், ஆனா தப்பா இருக்கலாம்.' முழுப் பதிலுக்கும் ஒரே மூட்டம் போட்டாயிற்று. எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்ற சுமை கேட்டவர் தலையில். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'புதுசா சேர்ந்தவங்களுக்குப் பாதிப்பு இல்லை சார், சோதிச்சாச்சு. 2 வருஷத்துக்கு முந்தைய கணக்குகளை இன்னும் பார்க்கலை. நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லிடுறேன்.' தெரிந்ததை உறுதியாக, தெரியாததைப் பெயர் சொல்லி, எப்போது தெரியும் என்று நாள் குறித்து. இதில் பணிவுக்கென்று தனியாக ஒரு சொல்கூட இல்லை.

பாராட்டை வாங்குவது பலருக்கு விமர்சனத்தைவிடச் சிரமம். 'ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலீங்க' என்பது, பாராட்டியவரின் கண் தப்பு என்று சொல்வதற்குச் சமம். சில நேரம் இரண்டாவது பாராட்டுக்குப் போடும் தூண்டிலும்கூட. 'நன்றிங்க, அந்த இரண்டாவது பகுதிக்குத்தான் நிறைய மெனக்கெட்டேன், அதுல தரவு எடுத்துக் கொடுத்தது அவங்கதான்' என்று முடித்துவிடலாம். கைகொடுத்தவர் நிஜமாகவே இருந்தால் மட்டும் பெயர் சொல்லுங்கள். போலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-இல் விவரித்த, எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சாதித்தவர்களுக்கே வரும் உணர்வு, நல்லது நடந்ததையெல்லாம் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுவதில்தான் வளர்கிறது. நோட்டில் இருக்கும் டிக்குகள் அதற்கு எதிரான சாட்சி. பிறர் சொன்ன நல்ல வார்த்தையைவிட அவற்றை மறுப்பது கடினம்.

மன்னிப்பு கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: என்ன செய்தேன், உங்களுக்கு அதனால் என்ன ஆனது, என்ன சரிசெய்கிறேன். 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்று ஆரம்பிக்காதீர்கள். 'நான் எப்பவுமே இப்படித்தான், நான் ஒரு முட்டாள்' என்றும் போகாதீர்கள். இப்போது பாதிக்கப்பட்டவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் தனி ஆளின் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. தண்டனை உள்ளே இல்லாமல் வெளியே இருக்கலாம். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளைப் பற்றிச் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம் இருந்தன. அங்கே தவறைப் பேச முடிந்தது, அதனால் அது கணக்கில் ஏறியது. ஒத்துக்கொண்டவரை நாலு பேர் முன்னால் கிழிக்கிற இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் நோட்டில் முழுசாக எழுதுங்கள். வெளியே சொல்லும்போது நடந்தது, திருத்தியது, இனித் தடுப்பது மூன்றையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புங்கள், தப்பை மட்டும் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே அந்தக் குழுவின் தலைவராக இருந்தால், யாராவது 'ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று வந்து நிற்கும்போது முதல் கேள்வி 'எப்படி இதை விட்டீங்க?' என்றில்லாமல் 'இப்போ நிலவரம் என்ன, என்ன உதவி வேணும்?' என்று இருக்கட்டும். காரணத்தை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். அதற்குள் அவருக்கே அது தெரிந்திருக்கும்.